இன்னொரு கரண்டி குழம்பு

"மாமா தவறிட்டாரு ஹம்சினி. அதான் இன்னிக்கு பிராக்டிகலுக்கு வர முடியாது. மேடம்கிட்ட சொல்லிடு."

ஷரீஃப் பாய் கடையின் சிவப்பு டெலிபோன் பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அன்புக்கரசி இதைச் சொன்னாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. மறுமுனையில் ஹம்சினி, "எந்த மாமா? பட்டுக்கடை மாமாவா? ஐயோ, நன்னாத்தானேடி இருந்தார்!" என்று அலறினாள். "தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் அன்பு. அதற்கு மேல் ஹம்சினி சொன்னது எதுவும் காதில் விழவில்லை. போட்ட ஒரு ரூபாய்க்கு இவ்வளவு துக்கம் போதும் என்று பெட்டி லைனை அறுத்துவிட்டது.

ரிசீவரை மாட்டிய பிறகுதான் தன் வாய் என்ன சொன்னது என்பது அவளுக்கு உறைத்தது. போனது மாமா இல்லை. அவளைப் பெற்ற அப்பன் சேட்டு. கால்வாய் ஓரத்து ஹவுசிங் போர்டு வீட்டின் கூடத்தில், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றிக் கிடத்தியிருக்கிறார்கள். அந்தக் கூடத்திலிருந்து எழுந்து ஓடிவந்தவள், முதல் காரியமாக அவரை மறுபடியும் மாமாவாக்கிவிட்டுப் போனை வைத்திருக்கிறாள்.

ஷரீஃப் பாய் பிஸ்கட் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது கேட்காத மனுஷர் இல்லை. கல்லாவைத் திறந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தபா போடுறியாம்மா?"

அன்பு காசைப் பார்த்தாள். பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேணாம் பாய்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இந்த மாமா பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சேட்டுவுக்குப் பேர்தான் சேட்டு. தி.நகரில் ஒரு பட்டுக்கடை வாசலில் நிற்பதுதான் வேலை. ஜரிகைப் பட்டை போட்ட சிவப்புக் கோட்டு, விசிறி வைத்த வெள்ளைத் தலைப்பாகை, அதற்கென்றே வளர்த்த மீசை. கார் வந்து நின்றால் கதவைத் திறக்க வேண்டும், நடந்து வந்தால் சலாம் வைக்க வேண்டும், குழந்தை வந்தால் மீசையை ஆட்டிக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது முதலாளி சொல்லிக்கொடுத்ததில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது. "எந்த ஆபீசரப் பாத்து ஜனம் இவ்ளோ சிரிக்குது, சொல்லு? காலைல போனா பொழுது சாயற வரிக்கும் சிரிச்ச மூஞ்சாத்தான் பாக்கறேன்" என்பார். அந்த வேலையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அன்புக்கரசிக்குத்தான்.

கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொரு பெண்ணாக எழுந்து பேரும் அப்பா என்ன செய்கிறார் என்பதும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தியின் அப்பா ஆடிட்டர், ஒருத்தியின் அப்பா பேங்க் மானேஜர். ஹம்சினியின் அப்பா ஆபீஸ் போய்வந்து சாயங்காலம் வயலின் சொல்லிக்கொடுக்கிறவர். முறை அன்பிடம் வந்தது. போர்டு வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, சிவப்புக் கோட்டும் விசிறித் தலைப்பாகையும் கண்முன் வந்து நின்றன. "அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பே உருகிப்போனது. மேடம், "அடப் பாவமே" என்றார். ஹம்சினி தன் பக்கத்தில் இடம் பண்ணிக்கொடுத்து, மத்தியானம் எலுமிச்சை சாதத்தில் பாதியையும் கொடுத்தாள். உண்மையைச் சொன்ன ஒருத்திக்கும் அன்றைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு வாய்ப்பொய்யாகப் போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் தை பிறந்ததும் ஹம்சினியின் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புடவை பார்க்க வாங்கோடி என்று தோழிகளைக் கூட்டிக்கொண்டு அவள் தி.நகர் புறப்பட்டாள். எந்தக் கடை என்று அன்பு கேட்காமல் இல்லை. "போய்ப் பார்த்துக்கலாம்" என்றாள் ஹம்சினி. பார்த்துக்கொண்டே போனதில், வந்து நின்றது அந்தக் கடை வாசலில்.

அவளைப் பார்த்ததும் சேட்டுவின் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே, அதை அன்பு இரண்டு வருஷமாக மறக்கப் பார்க்கிறாள். "வா கண்ணு!" என்று மற்றவர்களுக்கு வைக்கிற சலாமைவிடப் பெரிதாக ஒன்று வைத்தார்.

"யாருடி, தெரிஞ்சவரா?" என்றாள் ஹம்சினி.

"மாமா" என்றாள் அன்பு. "எங்க மாமா."

சேட்டுவின் கை நெற்றியிலேயே நின்றது. ஹம்சினி நல்ல பெண், அந்த நல்ல மனசோடு அவரிடம் போய், "நீங்கதான் இவளைப் பாத்துக்கறேளா மாமா? பாவம், அப்பா இல்லாத பொண்ணு. எங்க கிளாஸ்லயே நன்னாப் படிக்கிறவ இவதான். நன்னாப் பாத்துக்கோங்கோ" என்றாள்.

தான் செத்துப்போன சேதியை வாசலில் நின்றபடி வேற்றுப் பெண் வாயால் கேட்டுக்கொண்ட மனுஷன் சேட்டு ஒருத்தராகத்தான் இருப்பார். அன்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலின் சலவைக்கல் பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஆமாம்மா" என்றார் சேட்டு, நெற்றியிலிருந்து கையை இறக்கி. "நான் பாத்துக்கறேன். அவங்க அப்பன் நல்ல மனுசன். சீக்கிரமா பூட்டான்." அப்புறம் கதவை அகலத் திறந்து, "மகாராணிங்க உள்ள வரலாம்!" என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வவுறு சரியில்லை என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சொர்ணம் சோறு போட்டு ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு நகரப் போனபோது, "செத்தவனுக்கு இன்னொரு கரண்டி ஊத்தேன்" என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னா பேச்சு இது என்று சொர்ணம் கரண்டியாலேயே அடிக்கப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சேட்டு மகளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலுக்குப் பதில் தன்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அன்புக்குத் தோன்றியது.

அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. குழம்பு ருசியாக இருந்தால் செத்தவனுக்கு இன்னொரு கரண்டி. அமாவாசை வந்தால், "எனக்குப் படையல் போடலியா?" காக்கா கத்தினால், "தோ, நான் வந்துட்டேன்." எல்லாம் அவளுக்கு மட்டும் புரிகிற கேலி. கோபம் துளிகூட இல்லை.

அது மட்டுமா, கடைப்பக்கம் போகும்போதெல்லாம் ஹம்சினி அவரிடம் நின்று பேசிவிட்டு வர ஆரம்பித்தாள். ஒருநாள் வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக, "உங்க அப்பா ரயில் டிரைவராமேடி! சொல்லவே இல்லையே! மாமாதான் சொன்னார். அவர் ஓட்டினா வண்டி ஒரு நிமிஷம் லேட்டாகாதாம். ஆடு குறுக்கே வந்தாக்கூட நிறுத்தி, இறங்கி ஓட்டிவிட்டுட்டுதான் கிளம்புவாராம்" என்றாள். அன்பு அன்றைக்கு லாபில் ஒரு பிப்பெட்டை உடைத்தாள். மகள் கொன்றுவிட்ட அப்பனுக்கு அந்த மனுஷன் தானே ஒரு உத்தியோகம் பார்த்துக் கொடுத்திருக்கிறார், மகள் வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிற மாதிரி. சேட்டு ரயிலில் போனதே அபூர்வம். திருப்பதிக்குக்கூட பஸ்தான்.

இதில் அன்புக்குப் பெரிய தண்டனை வேறொன்று. பட்டுக்கடை வாசலுக்குப் பிறகு அவளுக்கு அவரைக் கூப்பிட வாய் வரவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து 'நைனா' என்று கூப்பிட்டவள். இப்போது அந்தச் சொல் தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. "சாப்புட வரச் சொல்லும்மா" என்பாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. "இந்தாங்க காப்பி" என்பாள். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தேதான் இருந்தார். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார லீவு. லீவு நாள் சாயங்காலம் தலைப்பாகை கட்டுவது வீட்டில் ஒரு சடங்கு. கஞ்சி போட்டுக் காயவைத்த துணியின் ஒரு முனையை அவர் பிடித்து மடிப்பு மடிப்பாக விசிறி மடிப்பார், மறுமுனையை அன்பு இழுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் விசிறி தொங்கிவிடும். ஐந்து வயதிலிருந்து இது அவள் வேலை. என்ன மனஸ்தாபம் இருந்தாலும் இந்த வேலையை அவள் விட்டதில்லை.

நேற்றும் அப்படித்தான். மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பை ஒரு பிடி பிடித்து, நன்றாகத் தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டுத் துணியை எடுத்தார். "நெஞ்சுல வாயு புடிச்சாப்ல கீது, ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்றார். "இழுத்துப் புடி கண்ணு. ம், அப்டித்தான்." அவர் விரல்கள் மடிப்பை அழுத்தி அழுத்தி அவள் பக்கம் வந்துகொண்டிருந்தன. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நைனா, என்ன மன்னிச்சிரு. அவ்வளவுதானே, எத்தனை சொல்? வாயைத் திறந்தாள். "ந" என்று ஆரம்பித்தும் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் தண்ணி லாரி ஹார்ன் அடித்தது.

"ஓடு ஓடு, கொடத்த எட்துக்கினு ஓடு, உங்க அம்மா தனியா மாட்டிக்குவா" என்றார் சேட்டு. கடைசி மடிப்பைப் பல்லில் கடித்து அவரே முடித்துக்கொண்டார். அன்பு குடங்களோடு ஓடினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் பாய் கடையிலிருந்து திரும்பியபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் பாலு மூங்கிலுக்கு ஆள் அனுப்பிவிட்டு, மேளக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். கொள்ளி வைக்கப்போவது அவன்தான். உள்ளே தங்கபுஷ்பம் அத்தை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள்.

"செவப்புக் கோட்டு மாட்டிக்கினு சீமானா நின்னியே, என் தம்பி
கதவு தொறந்த கைய ரெண்டும் கட்டிக்கினு படுத்தியே..."

நேற்றுக் கட்டிய தலைப்பாகை டிவி பெட்டியின் மேல் விசிறி கலையாமல் நின்றது. அத்தை அதை எடுத்துவரச் சொல்லித் தம்பியின் தலைப்பக்கத்தில் வைத்தாள். "அது பக்கத்துல இல்லாட்டி போற எடத்துல இவன யாருக்கு அடையாளம் தெரியும்?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. செத்த முகமாகவே இல்லை சேட்டுவுக்கு. தூக்கத்தில் ஏதோ வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதுபோல மீசை லேசாகத் தூக்கியிருந்தது. வந்தவர்களெல்லாம் கொடுத்துவைத்த சாவு என்றார்கள். அது உண்மைதான். அன்புக்கும் அதில் ஒரு ஆறுதல் இருந்தது, ஆனால் அழுகை வரவில்லை. எல்லாரும் கூப்பிட்டு அழுதார்கள். தம்பி என்று அத்தை, ராசா என்று அம்மா, சித்தப்பா என்று பாலு. கூப்பிட ஒரு சொல் வேண்டாமா அழுவதற்கு?

பதினோரு மணிக்கு ஹம்சினி வந்தாள். கையில் ரோஜா மாலை, நெற்றியில் சின்னதாக ஒரு சாந்து. இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. வழியெல்லாம் பட்டுக்கடை சேட்டு வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். மாலையைக் காலடியில் வைத்தவள் தலைப்பாகையைப் பார்த்ததும், "மாமா..." என்று உடைந்து அழுதாள்.

அன்பு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பந்தலின் ஓரத்தில் உட்காரவைத்தாள். மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. இப்படியே பாடையைத் தூக்கும் வரை மேளம் அடிக்கட்டும் சாமி என்று அவள் வேண்டிக்கொண்டாள். பெற்ற அப்பன் சாவில் மேளம் நிற்கக் கூடாதென்று வேண்டுகிற நிலை வந்துவிட்டதே என்றும் நினைத்துக்கொண்டாள்.

சொர்ணம் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். ஹம்சினி சட்டென்று எழுந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, காதருகில் குனிந்து, "மாமி, தைரியமா இருங்கோ. அன்பு இருக்கா உங்களுக்கு. அப்பா இல்லாத பொண்ணைத் தன் பொண்ணு மாதிரி வளத்தாரே மாமா, அந்தப் புண்ணியம் உங்களை விடாது" என்றாள்.

சொர்ணம் விழித்தாள். பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதி புரியவில்லை. "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் எல்லாம் தயாரானது. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். காரியம் செய்துவைக்கிற கபாலிப் பெரியவர் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு கையை உயர்த்தினார். வாய்க்கரிசி போடும்போது மேளம் நிற்க வேண்டும். நின்றது. இத்தனை நேரம் சத்தத்திலேயே இருந்த தெரு சட்டென்று அடங்கியதில், கால்வாய்ப் பக்கம் ஒரு ஆடு கத்துவது கேட்டது.

"பெத்த புள்ளைங்கோ மொதல்ல வரணும்" என்றார் கபாலி. "ஆம்பள புள்ள இல்ல, தெரியும். பொண்ணு யாரு? பெத்த பொண்ணு வாம்மா."

ஹம்சினி எட்டிப் பார்த்தாள். "மாமாக்குப் பொண்ணு இருக்காளா? நீ சொன்னதே இல்லையே" என்று அன்பின் காதில் கேட்டாள்.

அன்பு அசையவில்லை.  தங்கபுஷ்பம் அத்தை உள்ளிருந்து, "அது எங்க அழுதுக்கினு கீதோ. சொர்ணத்த போடச் சொல்லு" என்றாள். தப்பித்துக்கொள்ள நல்ல வழி. அம்மா போட்டுவிட்டால் தூக்கிவிடுவார்கள். மேளம் மறுபடி தொடங்கிவிடும். ஹம்சினி போய்விடுவாள். மாமா மாமாவாகவே எரிந்துபோவார்.

"அப்டிலாம் மாத்திப் போடக் கூடாதும்மா" என்றார் கபாலி. "பொண்ணு கீதா, இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இல்லாத மாரியே செஞ்சுட்டுப் போய்க்கினு இருக்கலாம்."

அந்தச் சொல் அன்பின் நெஞ்சில் வந்து விழுந்தது. அப்பா இல்லை என்று அவள் சொன்னாள். இப்போது பொண்ணு இல்லை என்று அவரை அனுப்பப் போகிறார்கள்.

"கீறேன்!" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு வருஷமாகக் கல்லூரியில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தமிழ் எங்கே போனதோ, அவள் தெருவின் குரலே அவள் தொண்டையில் வந்தது. "நான் கீறேன். நான்தான் பொண்ணு. பெத்த பொண்ணு நான்தான்."

ஹம்சினியின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அன்பு திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் விலகிய வழியில் நடந்து போனாள். கபாலி காட்டியபடி அரிசியை வலது கையில் அள்ளிக்கொண்டு பாடையின் அருகே மண்டியிட்டாள். இந்த மீசைக்குக் கீழே இருக்கிற வாய்தான் அவளுக்காக ரயில் ஓட்டியது. அரிசி உதட்டில் பட்டுக் கழுத்தில் உருண்டது.

"நைனா" என்றாள்.

சொல் வந்துவிட்டது. வந்த பிறகு நிற்கவில்லை. "நைனா, நைனா" என்று பாடையின் மூங்கிலில் நெற்றியை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாகக் கூப்பிடாத கணக்கையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள். அத்தை ஒருத்தி அவளைத் தூக்க வந்தாள். சொர்ணம்தான், "வுடு, கூப்புடட்டும்" என்று தடுத்தாள். கபாலிப் பெரியவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். பாலு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடக்க, மேளமும் பூவும் வளைவில் மறைந்ததும் எல்லாரும் திரும்பினார்கள். ஷரீஃப் பாய் கடையைப் பாதி மூடிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டிருந்தார். அந்தக் கடைப் பெஞ்சில் ஹம்சினி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் போயிருப்பாள் என்றுதான் அன்பு நினைத்தாள்.

பக்கத்தில் போய் நின்றாள். ஹம்சினி நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கிட்டப் பேசாதே" என்றாள். அப்புறம் அவளே பேசினாள். "ரெண்டு வருஷமாடி! அந்த மனுஷர்கிட்டப் போய், போறச்சே வரச்சேல்லாம், அப்பா இல்லாத பொண்ணு அப்பா இல்லாத பொண்ணுன்னு சொல்லிண்டே இருந்தேனே. எவ்ளோ தடவை சொல்லியிருப்பேன்! அவர் தலைய தலைய ஆட்டிண்டு கேட்டுண்டாரே. என்னையும் சேத்துப் பாவியாக்கிட்டியேடி."

அன்பு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். 

"அப்போ அந்த ரயில்?"

"அவரு வுட்ட கதை."

"ஆட்டை இறங்கி ஓட்டிவிட்டது?"

"அதுவும்தான்." அன்பு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரயிலே ஏறமாட்டாருடி. அது கூவினாலே தலவலின்னுவாரு. வீட்ல தினமும் என்னைக் கிண்டல் பண்ணுவாரு. செத்தவனுக்குக் கொழம்பு ஊத்து, செத்தவனுக்கு வெத்தல எடுன்னு."

"சிரிச்சுண்டா சொன்னார்?"

"சிரிச்சுக்கினுதான்."

 ஹம்சினிக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கப் பார்த்து முடியாமல் அழுதாள். அன்பும் அப்படித்தான். சாவு வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தெருமுனையில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து, குடத்தோடு போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"நிஜமா என்ன பண்ணினார் உங்கப்பா?" என்று ஹம்சினி கேட்டாள். அவள் கேட்டது வேலையைத்தான். முதல் நாள் வகுப்பில் கேட்ட அதே கேள்வி.

"தி.நகர்ல, பட்டுக்கடை வாசல்ல நிப்பாரு" என்றாள் அன்பு. "வர்றவங்களுக்குக் கதவு தொறப்பாரு. கொழந்தைங்கோ வந்தா மீசைய ஆட்டுவாரு."

சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது ஹம்சினிக்குத் தெரியும். எழுந்தாள், அன்பின் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்தாள், பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். நாளைக்கு வருவாளா, இனிமேல் பேசுவாளா, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அன்புக்கு நெஞ்சு லேசாக இருந்தது. காலையிலிருந்து முதல்முறையாகப் பசித்தது.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சேட்டு கிடந்த இடத்தில் ஒரு அகல் விளக்கும் சொம்பில் தண்ணீரும் வைத்து, விளக்குக்குப் பக்கத்தில் தலைப்பாகையையும் வைத்திருந்தார்கள். அத்தை அதைப் பாடையோடு அனுப்பச் சொன்னாள், சொர்ணம்தான் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். விசிறி ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பொழுது சாயும் நேரத்தில் ஷரீஃப் பாய் வீட்டிலிருந்து சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வந்தன. தூக்குச் சட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க வாசனை பரவியது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல அவனுக்கு வெச்சுடு" என்றாள் தங்கபுஷ்பம் அத்தை.

சொர்ணம் விளக்கின் முன் ஒரு இலையைப் போட்டாள். சோறு வைத்தாள், நடுவில் குழி பறித்து ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அன்பு எழுந்து வந்து கரண்டியை எடுத்தாள். அடியில் கிடந்த கத்திரிக்காயோடு சேர்த்து மொண்டு, நிறைய இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"இன்னாத்துக்குடி அவ்ளோ? எலைய வுட்டு ஓடுது பாரு" என்றாள் சொர்ணம்.

"நைனாவுக்குப் பத்தாதும்மா."

குழம்பு சோற்றை உடைத்துக்கொண்டு விளக்கின் பக்கம் வழிய ஆரம்பித்தது. அன்பு சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையின் ஓரத்தை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கி, வழியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.